முத்திரையில்லாத தராசு

மார்கழி மாதக் காலைப்பொழுது ஒன்றில், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த ஓர் ஏற்றச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு இதயச் சிகிச்சை செய்துகொண்டவன் நான். 'நடக்கலாம், ஏறலாம், ஆனால், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 110-ஐத் தாண்டக் கூடாது' என்பது என் மருத்துவர் விதித்திருக்கும் எல்லை. அந்த எல்லைக்குக் காவலாக இருக்கட்டும் என்றுதான் 'ஸ்மார்ட் வாட்ச்' எனப்படும் அறிதிறன் கடிகாரம் ஒன்றை வாங்கி அணிந்திருக்கிறேன்.

ஏற்றத்தின் பாதியில் மூச்சு வாங்கியது. கடிகாரத்தைப் பார்த்தேன், 92 என்றது. நம்பி மேலும் ஏறினேன். மூச்சு இன்னும் இறுகியது. கடிகாரம் அதே 92-இல் நின்றது. ஐயம் எழுந்ததால் சாலையோரத்து மதகுக் கட்டையில் அமர்ந்து, மணிக்கட்டில் விரல்வைத்து எண்ணினேன். 15 விநாடிகளில் 32 துடிப்புகள். அதாவது நிமிடத்துக்கு 128. காவலுக்கு வைத்த கருவி உறங்கிப்போயிருந்தது.

காரணம் பின்னர் புரிந்தது. அந்த ஏற்றத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 அடிகள் வைத்து நான் ஏறிக்கொண்டிருந்தேன். வார் தளர்வாக இருந்ததால், ஒவ்வோர் அடிக்கும் கை அசைந்தபோது கடிகாரமும் தோலின்மீது அசைந்தது. அந்த அசைவின் தாளத்தையே இதயத்தின் தாளமாக அது எடுத்துக்கொண்டுவிட்டது. இது என் கடிகாரத்துக்கு மட்டுமே உரிய கோளாறு அன்று. மணிக்கட்டில் ஒளியால் நாடி பார்க்கும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான, பொறியாளர்கள் நன்கறிந்த பலவீனம். அதை விலை கொடுத்து வாங்கிய எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அன்று நண்பகலில் இன்னொன்றும் நிகழ்ந்தது. தலையில் விறகுக் கட்டுடன் வந்த பெண்மணி ஒருவர், என் கடிகாரம் என்ன செய்யும் என்று கேட்டார். நடக்கும் அடிகளை எண்ணும் என்றேன். விளையாட்டாக அதை அவர் கையில் கட்டிவிட்டு உடன் நடந்தேன். நான் வாய்விட்டு 200 அடிகள் எண்ணி முடித்தபோது கடிகாரம் 61 என்று காட்டியது. சுமையைத் தாங்கி உயர்ந்திருந்த கை வீசப்படவில்லை; எனவே அடிகள் கணக்கில் ஏறவில்லை. 'அப்ப, கைய வீசிக்கிட்டு சும்மா நடக்கிறவங்களுக்குத்தான் இது கணக்குப் போடும் போலிருக்கு அய்யா' என்று சிரித்துக்கொண்டே கழற்றித் தந்தார்.

அவர் சொன்னது கேலியன்று, துல்லியமான விமர்சனம். இந்தக் கருவி யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

2022-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில், உலகின் மிகப் பெரிய ஸ்மார்ட் வாட்ச் சந்தையாக இந்தியா உயர்ந்ததாகச் சந்தை ஆய்வுகள் தெரிவித்தன. 2024-இல் விற்பனை கடுமையாகச் சரிந்தது. முதன்முறை வாங்கியவர்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றமும் சரிவுக்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. ஆனாலும், கோடிக்கணக்கான இந்தியர்களின் மணிக்கட்டில் இவை இன்று இருக்கின்றன. அவை காட்டும் எண்ணை நம்பிப் பலர் உணவைக் குறைக்கின்றனர், பயிற்சியைக் கூட்டுகின்றனர், சிலர் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுகின்றனர்.

இக்கடிகாரங்கள் நேரடியாக அளப்பவை சிலவே. கையின் அசைவை ஓர் உணரி அளக்கிறது. தோலினுள் பச்சை ஒளியைச் செலுத்தி, திரும்பிவரும் ஒளியின் ஏற்றத்தாழ்வை இன்னோர் உணரி அளக்கிறது. காற்றழுத்தமும் செயற்கைக்கோள் சமிக்ஞையும் சில கடிகாரங்களில் அளக்கப்படுகின்றன. அடிகள், தொலைவு, ஏறிய உயரம், செலவான கலோரி, உறக்கத்தின் ஆழம் என்று திரையில் தோன்றும் மற்றவை அனைத்தும் இந்த அளவுகளிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் ஊகங்கள். ஊகிப்பது தவறன்று. ஊகத்தை அளவாகக் காட்டுவதே தவறு.

ஒளியை அளந்து உண்மையை ஊகிக்கும் கலைக்கு ஜவ்வாது மலை புதியதன்று. இம்மலையின் காவலூரில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கு 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது, 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது, 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அந்த விண்மீனின் ஒளி சற்றே மங்கி மீண்டதைக் காவலூர் வானியலாளர்கள் பதிவு செய்தனர். அமெரிக்க அறிவியலாளர்கள் பறக்கும் வானாய்வகத்திலிருந்து கண்டறிந்த யுரேனஸின் வளையங்களுக்கு இம்மலையிலும் சான்று கிடைத்தது.

கடிகாரம் செய்வதும் அடிப்படையில் இதேதான். ஒவ்வோர் இதயத்துடிப்பின்போதும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் குருதி பெருகுகிறது; பச்சை ஒளியைக் குருதி கூடுதலாக உறிஞ்சுவதால் திரும்பிவரும் ஒளி சற்றே மங்குகிறது. அந்த மங்கலை எண்ணினால் அதுவே நாடி. வானியலாளர் வானத்தின் பின்னணி ஒளியைக் கழிப்பதுபோல, கடிகாரமும் தன் விளக்கு அணைந்திருக்கும் நொடிப்பொழுதில் வெளிவெளிச்சத்தை அளந்து கழித்துக்கொள்கிறது.

வேறுபாடு ஒன்றே ஒன்று. வானியலாளர் தம் கருவியை நம்பி வேலையைத் தொடங்குவதில்லை. ஒளியளவு எடுக்கும் இரவில், ஏற்கெனவே ஒளி அளவு அறியப்பட்ட விண்மீன்களை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பி, கருவியும் காற்றுமண்டலமும் செய்யும் பிழையை முதலில் கண்டுகொள்கிறார். முடிவை வெளியிடும்போது, 'இந்த அளவில் இவ்வளவு பிழை இருக்கலாம்' என்பதையும் சேர்த்தே வெளியிடுகிறார். பிழையளவு இல்லாத எண்ணை அவர் உலகம் ஏற்பதில்லை. நம் மணிக்கட்டில் தோன்றும் எண்ணுக்கோ அப்படி எதுவும் இல்லை.

பிழையைக் குறைப்பதில் பயனாளரின் பங்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை. மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரற்கடை மேலே, அசையாதபடியும் இரத்த ஓட்டத்தைத் தடுக்காதபடியும் வாரைக் கட்டவேண்டும். குளிரில் தோலின் நுண்குழாய்கள் சுருங்கும். எனவே மலைக் காலையில் ஐந்து பத்து நிமிடங்கள் மெதுவாக நடந்து கை வெதுவெதுப்பான பின்னர் காட்டும் எண்ணே ஓரளவு நம்பத்தக்கது. உயரம், எடை, வயது, எந்தக் கையில் அணிகிறோம் என்பன சரியாகப் பதியப்பட்டிருக்கவேண்டும். வெட்டவெளியில், கை வீசி, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை நடந்து பார்த்தால் கடிகாரத்தின் தொலைவுக் கணக்கு எவ்வளவு பிசகுகிறது என்பது தெரிந்துவிடும். பல கடிகாரங்களில் காலடி நீளத்தைத் திருத்தவும் முடியும்.

மலைப்பாதையில் தனிச் சிக்கல்கள் உண்டு. மின்கலச் சிக்கன முறையில் கடிகாரம் இருப்பிடத்தை இடைவெளி விட்டுக் குறிக்கிறது. கொண்டையூசி வளைவை நேர்கோடாக வெட்டிவிடுகிறது. நடந்த தொலைவு குறைந்துபோகிறது. எனவே நடைக்கு முன் அச்சிக்கன முறையை நிறுத்திவிட்டு, செயற்கைக்கோள் தொடர்பு உறுதியாகும் வரை ஓரிரு நிமிடங்கள் திறந்த வெளியில் நிற்பது நன்று. காற்றழுத்தத்தால் உயரம் காணும் கடிகாரத்தில், ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றம் சுமார் 8 முதல் 9 மீட்டர் உயர வேறுபாடாகத் தெரியும். நம் வெப்பமண்டலப் பகுதியில் காலை 10 மணி அளவில் காற்றழுத்தம் உயர்ந்து, மாலை 4 மணி அளவில் தாழ்வது இயற்கை. இந்த வேறுபாடு 3 ஹெக்டோபாஸ்கல் ஆனாலே, அமர்ந்த இடத்தில் அமர்ந்திருப்பவர் 25 மீட்டர் ஏறியதாகக் கடிகாரம் கருதக்கூடும். உயரம் தெரிந்த இடத்தில் அதைத் திருத்திக்கொள்வதே தீர்வு.

எல்லாவற்றுக்கும் மேலாக, விரல்வைத்து நாடி பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. '220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்சத் துடிப்பு' என்ற பொதுச் சூத்திரத்தைக் கொண்டே பல கடிகாரங்கள் 'கொழுப்பு கரையும் நிலை', 'உச்ச நிலை' என்று பிரிக்கின்றன. ஆளுக்கு ஆள் இதில் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் வேறுபடும். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து உண்பவர்களுக்குத் துடிப்பே மட்டுப்பட்டிருக்கும். அவர்களுக்கு இச்சூத்திரம் பொருந்தாது. துல்லியம் உண்மையிலேயே தேவைப்படுவோருக்கு, இதயத்தின் மின்துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையே ஏற்றது. மூச்சுத் திணறலோ, நெஞ்சில் இறுக்கமோ தோன்றினால் கடிகாரம் என்ன சொன்னாலும் நின்றுவிடவேண்டும்.

இவை பயனாளரால் இயல்பவை. ஆனால், பயனாளரால் இயலாதவையே அதிகம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல், 7 கருவிகளை 60 தன்னார்வலர்களிடம் சோதித்தனர். அவற்றுள் 6 கருவிகள் இதயத்துடிப்பை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் அளந்தன. கலோரிக் கணக்கிலோ, மிகச் சிறந்த கருவியின் பிழையே சராசரியாக 27 விழுக்காடு. மிக மோசமானதன் பிழை 93 விழுக்காடு. ட்யூக் பல்கலைக்கழகத்தின் 2020-ஆம் ஆண்டு ஆய்வு, ஓய்வில் இருப்பதைவிட உடல் இயங்கும்போது துடிப்பளவின் பிழை சராசரியாக 30 விழுக்காடு கூடுவதைக் கண்டது. தோல்நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதும் அதன் முடிவு. ஆனால், குருதியின் ஆக்சிஜனை ஒளியால் அளக்கும் மருத்துவமனைக் கருவிகள் பற்றி அதே ஆண்டில் வெளியான ஆய்வு, ஆபத்தான ஆக்சிஜன் குறைவைக் கருவி காட்டத் தவறுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது. அதன் தொடர்ச்சியாக, பல்வேறு தோல்நிறத்தவரிடம் விரிவாகச் சோதிக்கவேண்டும் என்ற வரைவு நெறிமுறையை அமெரிக்க உணவு - மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் வெளியிட்டது.

இந்திய உடல் குறித்த கேள்வி இன்னும் ஆழமானது. 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. புணே நகரின் மருத்துவ ஆய்வாளர் யாக்னிக், லண்டன் ஆய்வாளர் யூட்கின் ஆகிய இருவர் அதில் இருந்தனர். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆனால், யூட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 விழுக்காடு. உயரமும் எடையும் ஒத்திருந்தாலும் உடல் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உயரம், எடை, வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு கலோரி சொல்லும் கடிகாரம், அச்சூத்திரத்தை எந்த உடல்களிடமிருந்து கற்றது? கறுத்த தோலும், முன்கையில் பச்சை குத்திய வடிவமும், தலையில் சுமையும் கொண்டு நடக்கும் நம் கிராமத்துப் பெண்களில் எத்தனை பேரிடம் அது சோதிக்கப்பட்டது? பெட்டியின்மீது இதற்கு விடை இல்லை.

உடற்பயிற்சி செய்பவரின் தனிப்பட்ட ஏமாற்றத்தோடு இது முடிந்திருந்தால் இவ்வளவு கவலைப்படவேண்டியதில்லை. இந்த எண்கள் இப்போது பணமாக மாறத் தொடங்கியுள்ளன. நாகபுரி, சண்டீகர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரங்கள் அணிவிக்கப்பட்டன. கடிகாரத்தின் பதிவைக் கொண்டு ஊதியம் பிடிக்கப்படுவதாகக் கூறிப் பணியாளர்கள் போராடினர். மருத்துவக் காப்பீட்டிலோ, உடல்நலச் செயல்பாடுகளுக்குப் புள்ளிகள் அளித்துச் சலுகை தருவதற்கு நெறிமுறைகள் இருக்கின்றன. நாள்தோறும் நடந்த அடிகளைக் கணக்கிட்டுச் சந்தாவில் தள்ளுபடி தரும் திட்டங்களும் வந்துவிட்டன. குண்டும் குழியுமான சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டுபவரின் கையில் அடிகள் தாமாக ஏறுகின்றன; விறகு சுமப்பவரின் கையில் நடந்த அடிகளும் மறைகின்றன. பிழையுள்ள கருவியைக் கொண்டு ஊதியமும் சந்தாவும் தீர்மானிக்கப்பட்டால், உழைப்பவரின் உழைப்பே கணக்கிலிருந்து விடுபடும்.

நாம் அளவைகளுக்கு நெறி வகுக்காத நாட்டினர் அல்லர். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ், காய்கறிக் கடைத் தராசும் ஆட்டோ மீட்டரும் முத்திரை பெறவேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிக்கும், இரத்த அழுத்தமானிக்கும்கூட அந்தச் சட்டத்தின் விதிகளில் இடமுண்டு. இதயத்துடிப்பை எண்ணுவதாகச் சொல்லி விற்கப்படும் கடிகாரத்துக்கு மட்டும் முத்திரை இல்லை.

'இது உடல்நல விழிப்புணர்வுக் கருவி. மருத்துவக் கருவி அன்று' என்பது நிறுவனங்களின் மறுமொழி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இதயத்தையும், கையேட்டில் சிறிய எழுத்தில் இந்த மறுப்பையும் அச்சிடுவது நேர்மையாகாது. காய்கறித் தராசும் மருத்துவக் கருவி அன்று. ஆயினும் அதன் பிழைக்கு வரம்பு இருக்கிறது. கட்டுப்பாடு வந்தால் விலை உயரும் என்ற அச்சமும் பொருத்தமற்றது. நகைக் கடைத் தராசுக்கு ஒரு துல்லியமும் காய்கறிக் கடைத் தராசுக்கு வேறொரு துல்லியமும் விதிப்பதை எடையளவுச் சட்டம் ஏற்கெனவே செய்கிறது. மலிவான கடிகாரம் மலிவாகவே இருக்கட்டும். தன் பிழை எவ்வளவு என்பதை மட்டும் அது சொல்லட்டும்.

செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, ஓய்வில், சமதள நடையில், ஏற்றத்தில் என்று தனித்தனியாகப் பிழையளவையும், எத்தனை பேரிடம், எந்த வயதினரிடம், எந்தத் தோல்நிறத்தவரிடம் சோதிக்கப்பட்டது என்பதையும் பெட்டியின்மீது அச்சிடுவதைக் கட்டாயமாக்கவேண்டும். இரண்டாவது, இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கென ஒரு சோதனை முறையை வகுக்கவேண்டும். அடி எண்ணிக்கைக்கும் இதயத்துடிப்புக்கும் அமெரிக்காவின் நுகர்வோர் தொழில்நுட்பச் சங்கம் இத்தகைய சோதனை முறைகளை ஏற்கெனவே வகுத்துள்ளது. நமது சோதனையில் தலைச்சுமை நடையும், இடுப்பில் குடத்துடன் நடப்பதும், மலையேற்றமும், மோசமான சாலையில் வாகனப் பயணமும் இடம்பெறவேண்டும். மூன்றாவது, ஊதியத்தையோ காப்பீட்டுச் சந்தாவையோ கடிகாரத்தின் எண் மட்டுமே தீர்மானிக்கக் கூடாது. தம்மைப் பற்றிய தவறான தரவைத் திருத்தக் கோரும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது. ஆனால், கருவியின் பிழையளவு வெளியிடப்படாதவரை, தரவு தவறானது என்று ஓர் ஏழைத் தொழிலாளி எதைக் கொண்டு நிறுவுவார்?

தொழில்நுட்பத்தை மேம்படுத்தும் பணியும் உடன் நடக்கவேண்டும். நமது 'நாவிக்' வழிகாட்டும் அமைப்பில், சிறு கருவிகளுக்கு ஏற்ற எல்-1 அலைவரிசை முதன்முறையாக 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரி 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை என்பது பின்னடைவே. வானின் ஒரு பகுதியை மலைமுகடும் மரக்கிளையும் மறைக்கும் இடங்களில், கூடுதலாக ஒவ்வொரு செயற்கைக்கோளும் இருப்பிடக் கணக்கை மேம்படுத்தும். எனவே அந்த வரிசை விரைவில் நிறைவடைவது மலைவாழ் மக்களுக்கும் பயன் தரும்.

நான் கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிடவில்லை. வாரை இறுக்கிக் கட்டி, ஏற்றத்தில் அவ்வப்போது நின்று, விரலால் எண்ணிச் சரிபார்த்து நடக்கிறேன். நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட அது பயன்படுகிறது. பிறர் எண்ணோடு ஒப்பிடுவதில்லை. என்னைப் போன்றவருக்கு இந்த எச்சரிக்கை போதும். ஆனால், அந்த விறகுக் கட்டுச் சுமந்த பெண்மணி நடந்த 200 அடிகளில் 139 அடிகள் எங்கே போயின என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர்கள், கடிகாரத்தைச் செய்பவர்களும் அதை விற்க அனுமதிப்பவர்களும்தான்.